ஒரு சொட்டு வராது

"ஸ்டார்ட்டர மேனுவலுக்கு மாத்திட்டியா?"

லோகேஸ்வரன் இதைக் கேட்டது மூன்றாவது தடவை. சுகாசினி வீட்டுப் பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் கதவைப் பார்த்து இருந்ததால் பொய் சொல்ல வசதியாக இருந்தது.

"மாத்திட்டேன்" என்றாள்.

மாற்றவில்லை. காலையில் நாற்றங்காலிலிருந்து தண்ணீரை வடிய விட்டுவிட்டு, கொட்டகையைப் பூட்டிக்கொண்டு ஓடி வந்த அவசரத்தில் மறந்துபோனாள். மோட்டார் கொட்டகை வீட்டிலிருந்து அரைக் கிலோமீட்டர் தூரம். போய்த் திரும்பக் கால் மணி நேரம் ஆகும். ஆனால் சாவி இப்போது லோகேஸ்வரன் இடுப்பில் இருந்தது, போனால் அவனும் கூட வருவான். வந்தால் சும்மா வருகிற ஆளா? நாற்றங்காலைக் குனிந்து பார்ப்பான். வரப்பில் நண்டு வளை தேடுவான். தேடினால் ஏதாவது ஒன்று கண்ணில் படாமல் இருக்காது. "இத்த இப்பிடியே உட்டுட்டு எப்பிடி போறது?" என்பான். அத்தோடு காஞ்சிபுரத்துக் கச்சேரி போயிற்று.

அவள் அப்படி நினைத்ததில் ஒன்றும் தப்பில்லை. இரண்டு மாடும் ஒன்றே முக்கால் ஏக்கரும் வைத்திருக்கிறவர்களுக்கு ஊர் எல்லையைத் தாண்டினால் வெளிநாடுதான். மாகறலிலிருந்து காஞ்சிபுரம் பதினாறு கிலோமீட்டர். மருந்துக்கடை, உரக்கடை என்று மாதத்தில் நாலு தடவை போய் வருகிற ஊர். ஆனாலும் அங்கே ஓர் இரவு தங்கி பதினோரு வருஷம் ஆகிறது. தங்கை பிரியதர்ஷினி பிள்ளையார்பாளையத்தில் குடித்தனம் வந்தபோது பால் காய்ச்சப் போனார்கள், பால் பொங்கியதும் லோகேஸ்வரன் பைக்கைத் திருப்பிவிட்டான். மகாபலிபுரம் போவதாக இருந்த அன்று சினைமாடு பத்து நாள் முன்னாடியே கன்று போட்டது. அந்த மாட்டை மூன்று நாள் அவள் திட்டினாள்.

இந்தத் தடவை டிக்கெட் வாங்கியதே தங்கைதான். ஆய்வுக்கூடத்தில் ரத்தம் சோதிக்கிற வேலையில் இருக்கிறவள், அக்காவின் கல்யாண நாளுக்கு என்று தன் சம்பளத்தில் இரண்டு டிக்கெட் எடுத்து போனில் அனுப்பியிருந்தாள். பாடகி குமுதவல்லி நேரில் வந்து பாடுகிறாள். சுகாசினி நாற்று நட்டபோதும் களை பறித்தபோதும் மாட்டுக்குப் புல் அறுத்தபோதும் இடுப்பில் செருகிய போனில் பாடியவள் அந்தக் குமுதவல்லிதான். அதிலும் அந்த ஆற்றங்கரைப் பாட்டு. எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பாள் என்பதற்கு வயலில் நின்ற கொக்குகள்தான் சாட்சி. சனிக்கிழமை கச்சேரி, ராத்திரி தங்கை வீட்டில் தங்கல், ஞாயிற்றுக்கிழமை பிரியாணி சாப்பிட்டுவிட்டு சாயங்காலம் திரும்பல். இதற்காக அவள் ஒரு மாதமாக ராசி பலன்கூடப் பார்க்கவில்லை, ஏதாவது எழுதியிருந்து அதை லோகேஸ்வரன் படித்துவிடப்போகிறானே என்று.

ஸ்டார்ட்டர் விஷயத்துக்கு அவளிடம் ஒரு யோசனை இருந்தது. அது மொபைல் ஸ்டார்ட்டர். பெட்டிக்குள் சிம் கார்டு போட்டிருக்கும். வீட்டிலிருந்தே அதற்குப் போன் போட்டு ஒன்றை அழுத்தினால் மோட்டார் ஓடும், இரண்டை அழுத்தினால் நிற்கும். ஆட்டோவில் விட்டால் மும்முனைக் கரண்ட் வந்ததும் தானாக ஓட ஆரம்பித்து, 'ஓடுகிறேன்' என்று அவளுடைய போனுக்குச் சேதியும் அனுப்பும். பெட்டிக்குள் இருக்கிற சின்ன பேட்டரி தீபாவளிக்கு முன்பே செத்துவிட்டதால், கரண்ட் இல்லாதபோது மட்டும் அதற்குப் போன் போகாது. டிரான்ஸ்பார்மர் வேலை நடப்பதால் அந்த வாரம் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல்தான் மும்முனைக் கரண்ட் என்று லைன்மேன் சொல்லியிருந்தார். சரி, ஏழு மணிக்குச் சேதி வரும். எங்கே இருந்தாலும் இரண்டை அழுத்திவிடலாம். அரை நிமிஷ வேலை. அதற்காக அரைக் கிலோமீட்டர் நடப்பானேன்?

அவளை உறுத்தியது செல்லியம்மாள் விஷயம்தான்.

செல்லியம்மாளின் கழனி இவர்கள் கழனிக்கு அடுத்த பள்ளம். மேல்கழனியில் வடிகிற தண்ணீர் கீழ்க்கழனிக்குச் சொந்தம். யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் லோகேஸ்வரனின் அப்பா அந்த நிலத்தை வாங்கிய நாளிலிருந்து அப்படித்தான். இவர்கள் வரப்பில் ஒரு கண் இருந்தது, அதைத் திறந்தால் தண்ணீர் நேராக செல்லியம்மாள் கழனிக்குள் இறங்கும். வருஷமெல்லாம் அது உபகாரம். இந்த வாரம் மட்டும் உபத்திரவம். செல்லியம்மாள் மிஷின் வைத்து அறுத்த முப்பத்தெட்டு மூட்டை நெல், அறுத்த கழனியிலேயே கிடந்தது. கொள்முதல் நிலையத்தில் அவளுக்குத் திங்கட்கிழமைதான் முறை. பகலில் தார்ப்பாயில் பரப்பிக் காய வைப்பதும் சாயங்காலம் வாரி மூட்டை கட்டுவதுமாகக் கிடந்தாள். ரோட்டோரம் இடம் கிடைக்கவில்லை. அப்போதுதான் லோகேஸ்வரன் வரப்பில் நின்று சொன்னான்:

"இங்கியே போடு அத்த. திங்கட்கெழம வரைக்கும் எங்க தண்ணி ஒரு சொட்டு உன் பக்கம் வராது."

அந்தச் சொல்லை நம்பி நெல்லைப் போட்டவள்தான் இந்த இரண்டு நாளும் இவர்களுடைய மாடுகளையும் பார்த்துக்கொள்கிறாள். பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றுவதும் அவள்தான். நாற்றங்காலில் முளைகட்டிய விதை தெளித்து மூன்றாம் நாள் ஆகியிருந்தது. தண்ணீர் தேங்கினால் விதை அழுகும் என்று சுகாசினி காலையில் கண்ணைத் திறந்து விட்டிருந்தாள். கழனி ஈரமாக இருக்கிற அளவுக்குத்தான் தண்ணீர், அது செல்லியம்மாள் நெல்லை எட்டாமல் வரப்போரத்திலேயே சுவறிவிட்டது. கண் மட்டும் திறந்தே இருந்தது.

பிள்ளையார்பாளையத்தில் தங்கை வீடு இருந்த சந்து முழுக்கத் தறிச் சத்தம். லோகேஸ்வரன் முதல் ஒரு மணி நேரம் உட்கார முடியாமல் தவித்தான். எந்நேரமும் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது என்றான். பிறகு எதிர்வீட்டு நெசவாளரிடம் பேச்சுக் கொடுத்து, பாவு நூல் என்ன விலை, ஒரு சேலைக்கு எத்தனை நாள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, நம்ம தொழிலைவிட இது மோசம் என்ற முடிவுக்கு வந்ததும் அவனுக்குச் சற்று நிம்மதியாயிற்று.

சுகாசினிக்குத்தான் நிம்மதி இல்லை. மத்தியானம் மாடிப்படியில் உட்கார்ந்து ஸ்டார்ட்டருக்குப் போன் போட்டுப் பார்த்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. கரண்ட் இல்லை, அப்படித்தான் சொல்லும், அது தெரிந்ததுதான். இருந்தாலும் இன்னும் இரண்டு தடவை போட்டாள். பிறகு செல்லியம்மாளுக்குப் போட்டாள். பட்டன் போன், பத்து தடவை அடித்தால் ஒரு தடவை எடுப்பாள். அன்றைக்கு முதல் தடவையிலேயே எடுத்தாள்.

மாடு தண்ணீர் குடித்ததா, சின்னது உதைக்காமல் கறக்க விட்டதா என்று சுகாசினி விசாரித்தாள். உதைத்தது, நானும் ஒன்று வைத்தேன் என்றாள் செல்லியம்மாள். நெல் நன்றாகக் காய்கிறது, ஈரப்பதம் இன்னும் ஒரு வெயிலில் சரியாகிவிடும், திங்கட்கிழமை எவனும் குறை சொல்ல முடியாது என்று குரலிலேயே சிரித்தாள். அப்புறம் கேட்டாள்:

"தண்ணி கிண்ணி எதுவும் வராதில்ல சுகாசினி? கண்ணு தொறந்துக்கினு இருக்குது."

சொல்வதற்கு அதுதான் நேரம். 'அத்த, மறந்துட்டேன், ஒரு கூடை மண்ணை அள்ளிக் கண்ணை அடைச்சிடு' என்று சொன்னால் முடிந்தது. ஆனால் உள்ளே கூடத்தில் லோகேஸ்வரன் உட்கார்ந்திருந்தான், அவனுக்குக் கேட்கும். காலையில் சொன்ன பொய் வெளியே வரும். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று எவ்வளவு சுலபமாக வருகிறது என்பது பொய் சொல்லிப் பழகாதவர்களுக்குத் தெரியாது. சுகாசினிக்கு அன்றுதான் தெரிந்தது.

"வராது அத்த. நீ கவலப்படாத" என்றாள்.

போனை வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். தங்கை போட்ட சாதத்தில் பாதியை மிச்சம் வைத்தாள்.

மைதானம் பைபாஸ் ஓரத்தில், ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் இருந்தது. வாசலில் கையைப் பிடித்து மஞ்சள் காகிதப் பட்டை ஒன்றை ஒட்டினார்கள். வெளியே போனால் மறுபடி உள்ளே விடமாட்டோம், தண்ணீர், சாப்பாடு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கிறது என்று ஒரு பையன் மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தான். ஆறு மணிக்கு என்றார்கள், ஆறே முக்கால் ஆகியும் ஆரம்பிக்கவில்லை. அதற்குள் மைதானம் நிறைந்துவிட்டது. காஞ்சிபுரத்தில் இத்தனை ஜனத்தைக் கருட சேவைக்குத்தான் பார்த்திருக்கிறேன் என்றான் லோகேஸ்வரன். அந்த ஜனம் முழுக்கப் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தது.

சுகாசினி தன் போனைப் பார்த்தாள். மேலே சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை.

முதலில் போனில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தாள். அணைத்துப் போட்டாள். பக்கத்திலிருந்த பெண்ணிடம் கேட்டாள், அவளுக்கும் இல்லை. இத்தனை பேர் ஒரே இடத்தில் கூடினால் நெட்வொர்க் எப்படிக்கா கிடைக்கும், கச்சேரின்னா எப்பவும் இப்படித்தான் என்றாள் அந்தப் பெண். அவளுக்கு அது சாதாரணம். வாழ்க்கையில் முதல் கச்சேரிக்கு வந்திருக்கிற சுகாசினிக்கு அது எப்படித் தெரியும்?

மணி ஆறு ஐம்பத்தைந்து.

"இன்னா, போனையே பாத்துக்கினு இருக்கிற?" என்று லோகேஸ்வரன் அவள் தோளை இடித்தான். கையில் இரண்டு வேகவைத்த சோளம் வைத்திருந்தான், ஒன்றுக்கு எண்பது ரூபாய் கேட்டதற்குச் சண்டை போடாமல் வாங்கியிருந்தான். அதுவே அதிசயம். மேடையில் விளக்குகள் எரிந்ததும் அதைவிடப் பெரிய அதிசயம் ஒன்று நடந்தது. தவில்காரர் ஒரு தட்டுத் தட்ட, பின்னால் டிரம்ஸ் எல்லாம் சேர்ந்துகொள்ள, வீட்டில் பல் தேய்க்கும்போதுகூட வாயைத் திறக்காத மனுஷன் வாயைப் பிளந்துகொண்டு எழுந்து நின்றுவிட்டான். குமுதவல்லி நீல நிறச் சேலையில் வந்து கும்பிட்டபோது விசில் அடித்தான். அவனுக்கு விசில் அடிக்கத் தெரியும் என்பதே இருபது வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு அன்றுதான் தெரிந்தது. வேறு ஒரு நாளாக இருந்தால் அதைப் பார்த்தே அவள் அழுதிருப்பாள்.

இரண்டாவது பாட்டின் நடுவே கையில் போன் அதிர்ந்தது. எப்படியோ ஒரு சேதி மட்டும் நழுவி உள்ளே வந்திருந்தது. நேரம் 7:12. மோட்டார் ஓடுகிறது.

அவள் இரண்டை அழுத்தவேண்டும். அதற்குப் போன் போகவேண்டும். போட்டாள், போகவில்லை. மறுபடி போட்டாள். கையைத் தூக்கிப் பிடித்துப் போட்டாள். இருபது தடவைக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டாள். மனசு மட்டும் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. ஏழரைக் குதிரை மோட்டார். நாற்றங்கால் நிறைய இருபது நிமிஷம், அப்புறம் தெளித்த விதையை வாரிக்கொண்டு தண்ணீர் கண்ணில் இறங்கும். இறங்கினால் முதலில் நனைவது கண்ணுக்கு நேர் எதிரில் இருக்கிற தார்ப்பாய். மூட்டையின் அடி நனைந்தால் நாளைக்கு ஊறும், நாளன்றைக்கு முளைவிடும். கொள்முதல் நிலையத்தில் அந்த நெல்லைத் தொடக்கூட மாட்டார்கள். முப்பத்தெட்டு மூட்டை. செல்லியம்மாளுக்கு அந்த வருஷத்தின் எல்லாமே அதுதான்.

"பாத்ரூம் போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் நடந்தாள். தடுப்புக் கம்பி வரைக்கும் போய்ப் பார்த்தும் சிக்னல் இல்லை. வாசலில் நின்ற ஆளிடம் ஒரு போன் பேசிவிட்டு உடனே வந்துவிடுகிறேன் என்று கெஞ்சினாள். போகலாம்க்கா, ஆனா திரும்ப வர முடியாது என்று அவன் பட்டையைக் காட்டினான். வெளியே போனால் ரோட்டைத் தாண்டினதும் சிக்னல் கிடைத்துவிடும். உள்ளே லோகேஸ்வரன் அவளைத் தேடுவான். தேடினால் கேட்பான். கேட்டால் சொல்லவேண்டும். எப்படிப் பார்த்தாலும் சொல்லியாகவேண்டும் என்பது அந்தக் கம்பி ஓரத்தில் அவளுக்கு விளங்கியது. விளங்கியும் ஐந்து நிமிஷம் அங்கேயே நின்றாள். அந்த ஐந்து நிமிஷத்துக்காகத்தான் பின்னால் அவள் தன்னை அதிகம் திட்டிக்கொண்டாள்.

திரும்பிப் போய் அவன் காதருகே சொன்னாள். டிரம்ஸ் சத்தத்தில் கேட்கவில்லை. "இன்னா?" என்றான் சிரித்துக்கொண்டே. இன்னும் உரக்கச் சொன்னாள். "கேக்கல!" என்று காதைக் காட்டினான். அவள் மூச்சை இழுத்துக் கத்தினாள். கத்துகிற அந்த நொடி பாட்டு சட்டென்று முடிந்துவிட்டது.

"ஸ்டார்ட்டர நான் மாத்தல! மோட்டார் ஓடிக்கினு இருக்குது!"

முன்வரிசையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கைதட்டல் எழுந்து அவள் குரலை மூடியது. லோகேஸ்வரனின் முகத்தில் சிரிப்பு உடனே போகவில்லை. அது போகிறதை அவள் பார்த்துக்கொண்டே நிற்கவேண்டியிருந்தது.

அவன் திட்டவில்லை. கடித்த சோளத்தை நாற்காலிமேல் வைத்தான். இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்தான்.

"நீ இரு. நான் போறேன்" என்றான்.

"போனா திரும்ப உட மாட்டாங்க."

"அதான் உன்ன இருன்றேன். உம் பாட்டு இன்னும் வரலல்ல."

அவன் அதைக் குத்திச் சொல்லவில்லை. நிஜமாகவே சொன்னான். அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. கால்களை மிதித்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, வரிசையைத் தாண்டி அவன் போக, அவளும் பின்னாலேயே போனாள்.

ரோட்டைத் தாண்டி ஒரு டயர் கடை வாசலுக்கு வந்ததும் போனில் இரண்டு கோடு தெரிந்தது. போட்டாள். மணி அடித்தது. இரண்டை அழுத்தினாள். மோட்டார் நிறுத்தப்பட்டது என்றது பெட்டிக்குள் இருந்த பெண்குரல். மணி எட்டு ஐந்து. ஐம்பத்து மூன்று நிமிஷம் ஓடியிருந்தது. செல்லியம்மாளுக்குப் போட்டால் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஒற்றைப் புல்லாங்குழல் கிளம்பியது. கூட்டம் ஒரே குரலாக ஓவென்றது. என்ன பாட்டு என்பதை யாரும் அவளுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆற்றங்கரைப் பாட்டின் முதல் வரியைக் குமுதவல்லி பாடியது ரோடு தாண்டித் தெளிவாகவே கேட்டது. லோகேஸ்வரன் பைக்கை எடுத்துக்கொண்டு வந்து முன்னால் நிறுத்தினான். அவள் ஏறினாள். இரண்டாவது வரி லாரி சத்தத்தில் போயிற்று.

பாலாற்றுப் பாலத்தில் ஏறியபோது அவன் கேட்டான்.

"நான் கேட்டப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா நீ வந்திருக்க மாட்ட."

எதிர்க்காற்று முகத்தில் அடித்தது. அவன் மறுத்துப் பேசுவான், நான் அப்படிப்பட்டவனா என்பான் என்று அவள் காத்திருந்தாள். பாலம் முடிகிற இடத்தில்தான் பதில் வந்தது.

"ஆமா. வந்திருக்க மாட்டேன்."

அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்குப் போகாமல் நேரே கழனிக்கே பைக்கை விட்டான். விளக்கு வெளிச்சம் வரப்பில் விழுந்ததும் செல்லியம்மாள் தெரிந்தாள். சேலையைத் தூக்கிச் செருகி, முழங்கால் வரைக்கும் சேறு. ஒரு மூட்டையை இரண்டு கையாலும் பற்றிப் பின்பக்கமாக நடந்து மேட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து மூட்டைக்கு மேல் ஏற்கெனவே மேட்டில் இருந்தது. ஐம்பத்தாறு வயசுக்காரி, ஒற்றை ஆள்.

என்ன நடந்தது என்பதை அவள் சொல்லவில்லை, இடமே சொல்லியது. நெல்லுக்குக் காவல் படுக்க வந்துகொண்டிருந்தவள் மோட்டார் சத்தம் கேட்டு ஓடி வந்திருக்கிறாள். கொட்டகை பூட்டியிருந்தது. மண்வெட்டி கொட்டகைக்குள். கையால் சேற்றை அள்ளிக் கண்ணில் போட்டிருக்கிறாள், தண்ணீர் அதைக் கரைத்து இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. கைக்கு எட்டுகிற தூரத்தில் கனமாக இருந்தது நெல் மூட்டைதான். மூன்று மூட்டையை உருட்டிக்கொண்டு போய்க் கண்ணை அடைத்திருக்கிறாள். அதோடு விட்டிருந்தால் இவர்கள் நாற்றங்கால் குளமாகியிருக்கும். அரிவாளால் நாற்றங்கால் வரப்பின் அந்தப் பக்கத்தை வெட்டி, தண்ணீரை வாய்க்காலில் திருப்பி விட்டிருக்கிறாள். விதை பாதி ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடந்தது, பாதி நின்ற இடத்திலேயே இருந்தது. கண்ணில் மூன்று மூட்டையும் ஊறி உப்பி, கோணியின் வழியே நெல் பிதுங்கிக்கொண்டிருந்தது.

லோகேஸ்வரன் செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினான். செல்லியம்மாள் எதிரில் போய் நின்றான். வரப்பில் நின்று சொல் கொடுத்தவன் அவன்தான்.

"என் தப்புதான் அத்த" என்றான். "கெளம்புற அவசரத்துல ஸ்டார்ட்டர மாத்த மறந்துட்டேன்."

சுகாசினி இன்னும் வரப்பின்மேலேயே நின்றாள். அவள் பேசாமல் இருந்தால் போதும். அந்தச் சொல் அப்படியே நின்றுவிடும். செல்லியம்மாள் அவனை நாலு திட்டு திட்டுவாள், நாளைக்குச் சரியாகிவிடும், மத்தியானம் போனில் 'வராது அத்த' என்று சொன்னது யாருக்கும் ஞாபகம் வராது. அன்றைக்குச் சொன்ன பொய்களிலேயே இதுதான் மிகச் சுலபமானது, அவள் வாயைக்கூடத் திறக்கவேண்டியதில்லை.

அவளும் இறங்கினாள். சில்லென்ற சேறு கணுக்கால் வரைக்கும் ஏறியது.

"அவுரு இல்ல அத்த, நான்தான்" என்றாள். "மாத்தலன்னு தெரிஞ்சேதான் போனேன். மத்தியானம் நீ கேட்டப்பவும் தெரிஞ்சேதான் சொன்னேன்."

செல்லியம்மாள் மூட்டையைக் கீழே விட்டாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். பைக் விளக்கில் சுகாசினியின் கச்சேரிச் சேலையையும், தலையில் வாடாத மல்லிகையையும், கையில் ஒட்டியிருந்த மஞ்சள் பட்டையையும் மேலும் கீழுமாகப் பார்த்தாள். மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது. எதையாவது எடுத்து அடித்தாலும் வாங்கிக்கொள்ள சுகாசினி தயாராகத்தான் இருந்தாள்.

"அந்தப் பாட்டு கேட்டியா?" என்றாள் செல்லியம்மாள். "ஒரு மாசமா சொல்லிக்கினு இருந்தியே."

"இல்ல அத்த. மொத வரி பாடுறப்பவே கெளம்பிட்டோம்."

செல்லியம்மாளுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. கண்ணில் ஊறிக்கொண்டிருந்த மூன்று மூட்டையைக் கைநீட்டிக் காட்டினாள்.

"மூணு மூட்ட நெல்லு போச்சுதேடி பாவி. அந்தப் பாட்டையாவது முழுசா கேட்டுட்டு வந்திருக்கக் கூடாதா?"

சுகாசினி அழுதுகொண்டே குனிந்து, செல்லியம்மாள் கீழே விட்ட மூட்டையின் இன்னொரு முனையைப் பிடித்தாள். மேட்டுக்குக் கொண்டுபோக இன்னும் ஒன்பது மூட்டை இருந்தது.